'இன்னும் கொஞ்சம் இறுக்குவோம்': ஒரு போல்ட்டின் வரலாறு



சென்ற பாடசாலை விடுமுறையில் எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்து மோட்டார் சைக்கிளுக்கு ஒயில் மாற்றினோம். கராஜுக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணம்தான். பழைய ஒயிலை இறக்கிவிட்டு, எஞ்சினுக்கு அடியில் உள்ள போல்ட்டை மீண்டும் பூட்டி இறுக்கினோம். நன்றாக இறுகிவிட்டது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. "ஒயில் ஒழுகினால் என்ன செய்வது? இன்னும் கொஞ்சம் இறுக்குவோம்" என்று ஸ்பெனரின் முனையில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி அழுத்தினோம். இரண்டாவது அழுத்தலில் போல்ட் சட்டென்று இலேசாகச் சுழன்றது. இறுக வேண்டியது இளகிவிட்டது.

அது என்னவென்று அந்த நிமிடமே எங்களுக்குத் தெரியும். எஞ்சின் உறையில் இருந்த புரி, கராஜ் பாஷையில் சொன்னால் 'த்ரெட்', உரிந்துவிட்டது. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. துடைத்துப் பார்த்தோம், ஒழுகவில்லை. அதோடு விட்டுவிட்டோம்.

மறுநாள் தம்பி தன் சின்ன மகனை ஏற்றிக்கொண்டு கடைப்பக்கம் போனார். ஒரு வளைவில் பின்சக்கரம் வழுக்கி இருவரும் விழுந்தார்கள். போல்ட் தளர்ந்து, ஒயில் ஒழுகி, பின் டயரில் பட்டிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், பின்னால் வாகனம் எதுவும் வரவில்லை. பிள்ளையின் முழங்கையில் தோல் உரிந்ததோடு முடிந்தது. தம்பி எங்களை ஏசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "போல்ட் இளகினது உங்களுக்குத் தெரியுமா காக்கா?"

அந்தக் கேள்விக்கு நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. அன்றிரவு அந்த வாகனத்தின் சேவைக் கைநூலைத் தேடி எடுத்துப் பார்த்தோம். அந்த போல்ட்டுக்கு நேரே ஓர் எண் இருந்தது: 24 நியூற்றன் மீற்றர். எங்கள் வாகனத்தை ஒருபோதும் கண்டிராத யாரோ ஒருவர், எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை எங்களுக்காக எழுதி வைத்திருக்கிறார். அதை நாங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது, அதற்குப் பின்னால் பல நூற்றாண்டு வரலாறு இருப்பது தெரிந்தது. நம் ஊரில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. அதனால் படித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறோம்.

திருகு என்பது மிகப் பழைய கருவி. கி.பி. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன் என்ற கிரேக்க அறிஞர் இயந்திரவியல் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒலிவ், திராட்சை ஆகியவற்றைப் பிழியும் திருகு அழுத்திகளையும், மரத்துக்குள் புரி வெட்டும் ஒரு கருவியையும் அதில் விளக்குகிறார். அந்த நூலின் கிரேக்க மூலம் சில துண்டுகள் தவிர அழிந்துவிட்டது. அது இன்று முழுமையாக நம் கையில் இருப்பது அரபு மொழிபெயர்ப்பினால்தான். 9ஆம் நூற்றாண்டில் அதை மொழிபெயர்த்தவர் குஸ்தா இப்னு லூக்கா. இன்றைய லெபனானில் உள்ள பஃல்பக் நகரைச் சேர்ந்தவர், ஒரு கிறிஸ்தவர், பக்தாதில் அப்பாஸியர் காலத்தில் பணியாற்றியவர். கிரேக்கர் எழுதியதைக் கிறிஸ்தவர் ஒருவர் அரபுக்குக் கொண்டுவர, முஸ்லிம்களின் ஆட்சி அதற்கு இடம் கொடுத்தது. எழுதி வைத்ததால்தான் அந்த அறிவு தப்பியது. இந்த விசயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஆனால் ஹீரோன் காலத்திலிருந்து ஏறக்குறைய 1700 ஆண்டுகளுக்கு ஒரு குறை தீரவில்லை. பெரும்பாலான திருகுகள் கையால் செய்யப்பட்டன. ஒரு போல்ட்டுக்குச் செய்த நட்டு இன்னொரு போல்ட்டுக்குப் பொருந்தாது. ஓர் இயந்திரத்தைக் கழற்றினால், எந்த நட்டு எந்த போல்ட்டுக்குரியது என்று அடையாளம் போட்டு வைக்க வேண்டும். மாறிப்போனால் அன்றைய வேலை கெட்டது. இந்த நிலைமையை ஜேம்ஸ் நாஸ்மித் என்ற பொறியியலாளர் எழுதி வைத்திருக்கிறார்.

நாஸ்மித் வேலை பழகியது இலண்டனில் இருந்த ஹென்றி மோட்ஸ்லியின் பட்டறையில். மோட்ஸ்லி 12 வயதிலேயே வேலைக்குப் போனவர். 1800ஆம் ஆண்டை அண்மித்த காலத்தில் அவர் புரி வெட்டும் லேத் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். கைக்குப் பதிலாக, இயந்திரத்தின் நீண்ட திருகு ஒன்றே வெட்டும் கருவியை ஒரே சீராக நகர்த்திச் சென்றது. அதனால் முதல் போல்ட்டில் எப்படிப் புரி விழுந்ததோ அப்படியே நூறாவது போல்ட்டிலும் விழுந்தது. கைப்பழக்கத்தில் இருந்த ஒரு விசயம் இயந்திரத்துக்கு மாறியது.

ஆனால் மோட்ஸ்லியின் பட்டறையில் ஒரு புரி என்றால் அடுத்த பட்டறையில் இன்னொரு புரி. மோட்ஸ்லியிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வர்த் என்பவர்தான் இதற்கு வழி கண்டார். அவர் இங்கிலாந்தின் பல பட்டறைகளிலிருந்து போல்ட்களைச் சேகரித்து, அளந்து, எல்லோருக்கும் ஏற்ற நடுத்தர அளவு ஒன்றைக் கணித்தார். 1841இல் அதைச் சிவில் பொறியியலாளர் நிறுவகத்தின் முன் வைத்தார். புரியின் கோணம் 55 பாகை. இன்ன விட்டமுள்ள போல்ட்டுக்கு ஓர் அங்குலத்துக்கு இத்தனை புரிகள் என்ற அட்டவணையும் அதில் இருந்தது. பிரித்தானியா முழுவதும் மெல்ல மெல்ல அந்த அட்டவணைக்கு வந்தது.

அமெரிக்காவில் வேறு கதை. 1864 ஏப்ரலில் பிலடெல்பியாவின் பிராங்ளின் நிறுவகத்தில் வில்லியம் செல்லர்ஸ் வேறொரு புரியை முன்வைத்தார். விட்வர்த்தின் புரிக்கு உச்சியும் அடியும் வளைவாக இருந்தன. அதைச் சரியாகச் செய்ய நல்ல கைத்தேர்ச்சி வேண்டும். செல்லர்ஸ் கோணத்தை 60 பாகையாக்கினார். சமபக்க முக்கோணத்தின் கோணம் அதுதான், சோதிப்பது இலகு. உச்சியைத் தட்டையாக்கினார். சாதாரண தொழிலாளி ஒருவர் சாதாரண கருவியால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அவருடைய வாதம். ஐரோப்பாவில் 1898இல் சூரிச் நகரில் கூடிய மாநாடு மெற்றிக் புரிக்கும் 60 பாகையையே ஏற்றுக்கொண்டது. ஆக உலகத்தில் பல புரிகள், ஒன்றோடொன்று பொருந்தாதவை.

பொருந்தாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 1904 பெப்ரவரியில் அமெரிக்காவின் பல்ரிமோர் நகரம் கண்டது. 7ஆம் திகதி பற்றிய தீ நகரின் மையத்தை விழுங்கத் தொடங்கியதும், வொஷிங்டன் உட்பட வேறு நகரங்களின் தீயணைப்புப் படைகள் உதவிக்கு ஓடிவந்தன. வண்டிகள் இருந்தன, ஆட்கள் இருந்தார்கள், தண்ணீரும் இருந்தது. ஆனால் வெளியூர்க் குழாய்களின் புரி, பல்ரிமோர் தெருக்களில் இருந்த நீர்க்குழாய் முனைகளின் புரியோடு பொருந்தவில்லை. 30 மணித்தியாலத்துக்கு மேல் தீ எரிந்தது. 1500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அடுத்த ஆண்டே அந்த நாட்டின் தீயணைப்புச் சங்கம் குழாய் இணைப்புகளுக்கு ஒரே அளவை அறிவித்தது. ஒரு பொது அளவின் பெறுமதி நம்மில் பலருக்கு நட்டம் வந்த பிறகுதான் விளங்குகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

இரண்டாம் உலகப் போரில் அதே பிரச்சினை இன்னும் பெரிதாக வந்தது. பிரித்தானியாவின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவின் பெக்கார்ட் நிறுவனம் தயாரித்தபோது, பிரித்தானியப் புரிகளை வெட்டும் கருவிகளைத் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. போர் முடிந்த பின் 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் ஒரே புரிக்கு உடன்பட்டுக் கையெழுத்திட்டன. கோணம் 60 பாகை. அதற்கு முந்தைய ஆண்டுதான் சர்வதேச நியம நிறுவனம், நாம் ஐஎஸ்ஓ என்று சொல்வது, தொடங்கப்பட்டது. அதன் முதலாவது தொழில்நுட்பக் குழு எதற்காக அமைக்கப்பட்டது தெரியுமா? திருகுப் புரிகளுக்காக. இன்று நம் மோட்டார் சைக்கிள்களில் இருப்பவை பெரும்பாலும் ஐஎஸ்ஓ மெற்றிக் புரிகள்.

நம் நாடு சுதந்திரம் பெற்ற 1948 இந்தக் கதையில் இன்னும் இரண்டு தடவை வருகிறது. அந்த ஆண்டு ஒக்டோபரில்தான் நிறைகள், அளவைகள் பற்றிய சர்வதேச மாநாடு விசையின் அலகுக்கு 'நியூற்றன்' என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டு செப்டெம்பரில்தான் ஜப்பானில் சொய்ச்சிரோ ஹொண்டா தன் கம்பனியைத் தொடங்கினார். எங்கள் கைநூலில் இருந்த அந்த எண்ணின் அலகும் அந்த வாகன வகையின் வரலாறும் ஒரே ஆண்டில் தொட்டுக்கொள்கின்றன.

இதுவரை சொன்னது போல்ட்டும் நட்டும் பொருந்திய கதை. இனி எவ்வளவு இறுக்குவது என்ற கதை.

இறுக்கினால் இறுகும், இன்னும் இறுக்கினால் இன்னும் நன்றாக இறுகும் என்றே நாங்களும் நினைத்திருந்தோம். உண்மையில் போல்ட் ஒரு வில். சுருள்வில்லை இழுத்தால் நீள்வது போல, போல்ட்டை இறுக்கும்போது அது நீள்கிறது. இழுவிசை கூடக் கூட நீட்சியும் அதே விகிதத்தில் கூடும் என்ற விதியை 1678இல் ரொபேர்ட் ஹூக் வெளியிட்டார். சாதாரண தர மாணவர்களுக்கு நாங்கள் படிப்பிக்கும் அதே ஹூக்கின் விதி. நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்ப முயல்கிறது. அந்த முயற்சிதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. 5 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரு 8 மில்லிமீற்றர் போல்ட் சரியாக இறுகும்போது நீள்வது ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. கண்ணுக்குத் தெரியாத அந்த நீட்சியை நம்பித்தான் நாம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறோம்.

வில்லை அளவுக்கு மேல் இழுத்தால் அது திரும்பி வராது. போல்ட்டும் அப்படியே. குறைவாக இறுக்கினால் அதிர்வில் கழன்றுவிடும். கூடுதலாக இறுக்கினால் நிரந்தரமாக நீண்டு பிடிமானத்தை இழக்கும், அல்லது முறியும், அல்லது எங்களுக்கு நடந்தது போல மறுபக்கத்தின் புரியை உரித்துவிடும். ஆக, 'இறுக்கம்' என்பது இரண்டு ஆபத்துகளுக்கு நடுவில் உள்ள ஓர் இடம்.

அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது நீண்ட காலமாகத் தொழிலாளியின் கையுணர்வில்தான் இருந்தது. நல்ல பாஸ் ஒருவருக்கு அது வரும். ஆனால் அவருடைய கையை அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. காலையில் இறுக்கும் கையும் மாலையில் களைத்த கையும் ஒன்றல்ல. நியூயோர்க் நகர நீர் வழங்கல் திணைக்களத்தில் வேலை செய்த கொன்ராட் பாஹ்ர் என்பவர் இந்தக் குறையைத்தான் கண்டார். நிலத்துக்கடியில் செல்லும் குழாய்களின் இணைப்பு போல்ட்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக இறுக்கியதால் ஒழுக்குகள் வந்தன. குறிப்பிட்ட அளவை எட்டியதும் நிறுத்தும் ஒரு கருவியை 1918இலேயே செய்ததாக அவர் சொன்னார். 1931இல் சிக்காகோவைச் சேர்ந்த ஜோன் ஷார்ப் என்பவர் இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பெனருக்குக் காப்புரிமை கேட்டார். 1930களின் நடுப்பகுதியில் பாஹ்ரும் அவருடைய பங்காளி ஜோர்ஜ் ஃபெஃபர்லேயும் அளவைச் சரிசெய்து வைக்கக்கூடிய கருவியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார்கள். இன்று நாம் 'டோர்க் ரென்ச்' என்று சொல்வதன் முன்னோர்கள் இவைதான்.

டோர்க் என்பது பெரிய விசயமில்லை. பாடசாலையில் படித்த விசைத் திருப்பம்தான். விசையைத் தூரத்தால் பெருக்க வேண்டும். 10 சென்ரிமீற்றர் நீளமான ஸ்பெனரின் நுனியில் ஏறக்குறைய 10 கிலோ பாரத்துக்குச் சமமான விசையைக் கொடுத்தால் 10 நியூற்றன் மீற்றர். ஸ்பெனரில் குழாயைச் செருகி நீளத்தை இரட்டிப்பாக்கினால், அதே கைப்பலத்துக்கு இரண்டு மடங்கு திருப்பம். குழாய் செருகிய உடனேயே எங்கள் கையின் அனுபவம் பொய்யாகிவிட்டது. கை பழைய அளவையே உணர்ந்தது, போல்ட் இரட்டிப்பு அளவை வாங்கியது.

மோட்டார் சைக்கிளுக்கு இந்த எண்கள் ஏன் இவ்வளவு முக்கியமாயின? பிரித்தானியாவின் பிஎஸ்ஏ, ட்ரையம்ப், நோர்ட்டன் காலத்து வாகனங்களில் விட்வர்த் குடும்பத்துப் புரிகளும் சைக்கிள் புரிகளும் கலந்திருந்தன. அந்த விட்வர்த் ஸ்பெனரில் எழுதியிருப்பது தலையின் அகலமல்ல, போல்ட்டின் விட்டம். அதனால் அந்த ஸ்பெனரில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து அதை இன்றைய போல்ட்டுக்குப் பொருத்த முடியாது. பிறகு ஜப்பானிய வாகனங்கள் வந்தன. 1958இல் ஹொண்டா வெளியிட்ட சுப்பர் கப், 2017இல் உற்பத்தியில் 10 கோடியைத் தாண்டியது. இப்படி கோடிக்கணக்கில் உலகமெங்கும் பரவும் ஒரு வாகனத்தோடு தொழிற்சாலையின் பாஸையும் சேர்த்து அனுப்ப முடியாது. எண்ணைத்தான் அனுப்பலாம்.

ஹொண்டாவின் பல சேவைக் கைநூல்களில் பொதுவான போல்ட்களுக்கு ஓர் அட்டவணை உண்டு. 6 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 10 நியூற்றன் மீற்றர். 8 மில்லிமீற்றருக்கு 22. 10 மில்லிமீற்றருக்கு 34. 12 மில்லிமீற்றருக்கு 54. இங்கே மில்லிமீற்றர் என்பது போல்ட் தண்டின் விட்டம், ஸ்பெனரில் எழுதியிருக்கும் எண் அல்ல. 10ஆம் நம்பர் ஸ்பெனரால் இறுக்குவது பெரும்பாலும் 6 மில்லிமீற்றர் போல்ட். இதைக் குழப்பிக்கொண்டால் 10 கொடுக்க வேண்டியதற்கு 34 கொடுத்துவிடுவோம், போல்ட் முறிந்துவிடும்.

இப்போது எங்கள் தவறுக்கு வருவோம். ஒயில் இறக்கும் அந்த போல்ட்டின் விட்டம் 12 மில்லிமீற்றர். பொது அட்டவணைப்படி பார்த்தால் 54. ஆனால் அந்த போல்ட்டுக்கென்று தனியாக எழுதியிருந்தது 24, பாதிக்கும் குறைவு. காரணம், உருக்கு போல்ட் இறங்குவது அலுமினிய உறைக்குள். அலுமினியம் பாரம் குறைந்தது, சூட்டை விரைவாகக் கடத்துவது, எஞ்சினுக்கு நல்லது. ஆனால் அதன் புரி மென்மையானது. மேலும் ஒயிலைத் தடுப்பது போல்ட்டின் பலமல்ல, அதன் கீழே உள்ள வொஷர். 24 அளவிலேயே அந்த வொஷர் நசுங்கி இடைவெளியை அடைத்துவிடும். அதற்கு மேல் நாங்கள் கொடுத்த ஒவ்வொரு அழுத்தமும் ஒழுகலைத் தடுக்கவில்லை, புரியைத்தான் தின்றது. பார்வைக்கு அது தடித்த, பலமான போல்ட். கை அதைத்தான் நம்பியது. எழுதியவருக்கோ உள்ளே இருப்பது அலுமினியம் என்று தெரிந்திருந்தது.

எண்ணை மட்டும் பார்த்தாலும் போதாது. நாம் கொடுக்கும் திருப்பத்தில் ஏறக்குறைய பாதி, போல்ட் தலைக்கடியில் உள்ள உராய்வுக்குப் போகிறது. இன்னும் ஏறக்குறைய 40 வீதம் புரிகளின் உராய்வுக்குப் போகிறது. போல்ட்டை நீட்டுவதற்கு மிஞ்சுவது 10 வீதம் அளவில்தான். ஆகவே உராய்வு மாறினால் கணக்கே மாறும். உலர்ந்த 8 மில்லிமீற்றர் போல்ட்டை 22இல் இறுக்கினால் கிடைக்கும் பிடிவிசை ஏறக்குறைய 1400 கிலோ பாரத்துக்குச் சமம். அதே போல்ட்டில் ஒயில் தடவிவிட்டு அதே 22 கொடுத்தால், பிடிவிசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடலாம். டோர்க் ரென்ச் இரண்டு தடவையும் ஒரே இடத்தில்தான் 'டிக்' என்னும். ஒயில் தடவச் சொல்லியிருந்தால் தடவுங்கள், சொல்லாத இடத்தில் தடவாதீர்கள். புரியில் மண், துரு இருந்தால் முதலில் சுத்தம் செய்யுங்கள்.

அலகையும் கவனியுங்கள். ஒரே கைநூலில் நியூற்றன் மீற்றர், கிலோகிராம் விசை மீற்றர், அடி இறாத்தல் என்று மூன்று எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரு கிலோகிராம் விசை மீற்றர் என்பது 9.8 நியூற்றன் மீற்றர். ஓர் அடி இறாத்தல் என்பது 1.36 நியூற்றன் மீற்றர் அளவில். நியூற்றன் மீற்றரில் 22 என்று எழுதியதை அடி இறாத்தல் பக்கத்தில் வைத்து இறுக்கினால் ஏறக்குறைய 30 கொடுத்துவிடுவோம். சிலிண்டர் ஹெட் போன்ற இடங்களில் பல நட்டுகள் சேர்ந்து ஒரு கெஸ்கட்டை நசுக்குகின்றன. அங்கே ஒரு நட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகக்கூடாது. குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று தடவையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி அந்த எண்ணுக்கு வர வேண்டும்.

டோர்க் ரென்ச் எல்லோர் வீட்டிலும் இருக்காது, விலையும் கூட. கராஜ் வைத்திருக்கும் சகோதரர்கள் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வாங்கினால் கழற்றுவதற்கு அதைப் பாவிக்காதீர்கள். வேலை முடிந்ததும் அதன் ஆகக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். இல்லையென்றால் உள்ளே இருக்கும் வில் களைத்துப்போய் பொய் சொல்லத் தொடங்கும்.

நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்லி முடிக்கிறோம். லேத் கடையில் உரிந்த துளையைப் பெரிதாக்கி, அதற்குள் உருக்கினால் ஆன புதிய புரி ஒன்றைப் பதித்துத் தந்தார்கள். மிச்சம் பிடிக்க நினைத்த காசைப் போல் பல மடங்கு செலவு. வாகனத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, போல்ட்டைப் பூட்ட நாங்களும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்தோம். டோர்க் ரென்ச் இல்லை. மீன் நிறுக்கிற தொங்கு தராசு ஒன்றை வாங்கி வந்தோம். போல்ட்டின் மையத்திலிருந்து ஸ்பெனரில் 25 சென்ரிமீற்றரை அளந்து அடையாளம் போட்டோம். 24ஐ 0.25ஆல் பிரித்தால் 96 நியூற்றன், அதாவது ஏறக்குறைய 9.8 கிலோ. தராசின் கொக்கியை அந்த அடையாளத்தில் மாட்டி, ஸ்பெனருக்குச் செங்குத்தாக மெல்ல இழுத்தோம். டோர்க் ரென்ச் அளவுக்குத் துல்லியமில்லைதான், ஆனால் குழாய் செருகிய கையை விட ஆயிரம் மடங்கு நேர்மையானது. தராசைப் படித்தது தம்பியின் மகன். முழங்கையில் பிளாஸ்டர் இன்னும் இருந்தது. "எட்டு... ஒன்பது... ஒன்பது அரை... நிப்பாட்டுங்க பெரியவாப்பா" என்றான்.

நிறுத்தினோம். மனம் வழக்கம்போல "இன்னும் கொஞ்சம்" என்றது. கேட்கவில்லை. இன்றுவரை ஒரு துளி ஒழுகவில்லை.

பிறகுதான் தம்பியின் கேள்விக்குப் பதில் சொன்னோம். "ஓம் தம்பி, தெரியும். இளகினதை அப்பவே உணர்ந்தோம். சொல்லாமல் விட்டதுதான் பிழை." அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

ஹீரோனின் நூலை அரபியில் எழுதி வைத்த குஸ்தாவும், போல்ட்களைச் சேகரித்து அளந்த விட்வர்த்தும், நீர்க்குழாய் ஒழுகுவதைப் பார்த்து யோசித்த பாஹ்ரும் செய்தது ஒன்றுதான். தங்கள் கைக்குத் தெரிந்ததைத் தங்களோடு வைத்துக்கொள்ளாமல் அடுத்தவருக்குப் போய்ச் சேரும்படி செய்தார்கள். கைநூலில் உள்ள அந்தச் சின்ன எண் ஒரு அமானிதம். அதை நாம் வாசிக்க வேண்டும். நம் கை பிழை செய்தால் அந்த வாகனத்தில் ஏறப்போகிறவரிடம் அதைச் சொல்லவும் வேண்டும்.

அடுத்த தடவை ஸ்பெனரை எடுக்குமுன் உங்கள் வாகனத்தின் கைநூலில் அந்தப் பக்கத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள். பாதுகாப்பான பயணத்தை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக.